கொலு பார்க்கில் நம்ம ஊர்ப் போர்க்களம்

திண்டிவனம், விழுப்புரம் தோழிகளே, இந்த நவராத்திரிக்குக் கொலுப்படி பக்கத்துப் பார்க்கில் கிரிக்கெட் மைதானத்துக்குப் பதில் செஞ்சிக் கோட்டையையும் வந்தவாசிச் சண்டையையும் வையுங்களேன். வீட்டில் கிடக்கிற சாமானே போதும்.

1. பழைய பேப்பரைக் கசக்கி மைதாப் பசையில் தோய்த்துக் குவித்தால் மலை ரெடி. பசையில் ஒரு ஸ்பூன் வெந்தயப்பொடி சேருங்கள், பூச்சி வராது. ராஜகிரி உயரமாகவும் கிருஷ்ணகிரி, சந்திரகிரி சற்றுத் தாழ்வாகவும் முக்கோணமாக இருக்கட்டும்.

2. டிவி வந்த பெட்டியின் தெர்மோகோலை நீளமாக வெட்டி, தீர்ந்துபோன ரீஃபிலால் கீறினால் கல்சுவர். மூன்று மலைகளையும் அது சுற்றி வர வேண்டும். ராஜகிரி உச்சிக்குக் கீழே ஒரு பிளவு விட்டு, ஐஸ்கிரீம் குச்சியைப் பாலமாக வையுங்கள். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி மேலே ஏறவே முடியாது. ஜுல்பிகார் கானின் முகலாயப் படை 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டைக்காகப் பாடுபட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

3. வடிகட்டிய காபித்தூளை வெயிலில் காயவைத்துப் பசைமேல் தூவினால் அசல் மண் தரை.

4. இயர் பட்ஸைப் பாதியாக வெட்டிக் குத்தினால் தலைப்பாகை கட்டிய வீரர்கள். ஆற்காடு நவாப் படைக்குச் சொட்டு நீலம், செஞ்சி ராஜா தேசிங்கின் படைக்கு மஞ்சள் தண்ணீர். 1714 சண்டையில் தேசிங்கின் படை சின்னதுதான், ஒரு கைப்பிடி போதும். தேசிங்கின் நண்பனுடைய குதிரை நீலவேணிக்குப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் குதிரை இருக்கிறதே!

5. ஸ்கெட்ச் பேனா மூடியும் இரண்டு சட்டைப் பொத்தானும் சேர்ந்தால் பீரங்கி. வந்தவாசியில் ஆங்கிலேயருக்கு மீந்த நெயில் பாலிஷ் சிவப்பு, பிரெஞ்சுக்காரருக்கு வெள்ளை.

6. கிழிந்த தலையணைப் பஞ்சில் அடுப்புக்கரி தேய்த்தால் புகை. 1760 ஜனவரி 22 அன்று பிரெஞ்சுக்காரரின் வெடிமருந்து வண்டி வெடித்து அவர்கள் அணி குலைந்தது இல்லையா, அந்த இடத்தில் வையுங்கள். உள்ளே மஞ்சள் சீரியல் பல்பு ஒன்று விட்டால் அருமையாக இருக்கும். அகல்விளக்கு மட்டும் கிட்டே வேண்டவே வேண்டாம்.

7. ஊறவைத்த கடுகை நாலு நாள் முன்னால் ஈரமண்ணில் தூவினால் பச்சை தயார். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி உச்சியில் பச்சைக் காகிதம் விசிறியாக ஒட்டினால் பனைமரம். நம்ம பக்கத்துக் களத்தில் பனை இல்லாமல் எப்படி?

8. மலைகளை ஒட்டாமல் தனித்தனி அட்டையில் செய்யுங்கள். கொலு முடிந்ததும் வசம்புத் துண்டோடு பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டால், அடுத்த வருஷம் பசை காய்ச்சுகிற வேலையே இல்லை.