ஆனையிறவு நன்னீர்த் திட்டம்: மாறும் காலத்தில் மதிப்பிடும் முறை

பெரியதொரு கட்டுமானத்தைக் கண்டவுடன், "இன்றைய தேவைக்கு இது போதுமா?" என வினவுதல் யாவர்க்கும் இயல்பு. ஆயின், அணையும் வாய்க்காலும் ஒரு நூற்றாண்டு நிற்பதற்கென எழுப்பப்படுவன. அதற்குள் மழை மாறும், மக்கள் தொகை மாறும், தேவையும் மாறும். ஆதலின், வருங்காலம் பலவாறு அமையக்கூடும் எனக் கொண்டு, அவை ஒவ்வொன்றிலும் அக்கட்டுமானம் எங்ஙனம் தொழிற்படும் என ஆராய்வதே தக்க மதிப்பீடாகும். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனத் திருவள்ளுவர் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமை இவ்வாராய்ச்சிக்கு நல்ல வழிகாட்டி. அவ்வழியே ஆனையிறவு நன்னீர்த் திட்டத்தை ஈண்டு நோக்குவாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையினுள், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் நன்னீரே நம் கிணறுகளுக்கு ஊற்று. தெற்கே வன்னியில் ஓடும் கனகராயன் ஆறோ, இரணைமடுக்குளத்தை நிரப்பி, எஞ்சிய மாரி வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியிற் சேர்க்கின்றது. அவ்வெள்ளத்தைக் குடாநாட்டுக்குக் கொணரலாம் எனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1954இல் திட்டம் வகுத்தார். ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலினின்று பிரித்து நன்னீராக்குதல். முள்ளியான் வாய்க்கால் வழியே அந்நீரை வடமராட்சிக் கடனீரேரிக்கு விடுதல். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகளால் உவர்நீரைத் தடுத்தல் என்பன அதன் உறுப்புக்கள். ஏறத்தாழ இரண்டரை மைல் நீளமுடைய முள்ளியான் வாய்க்கால் 1960களில் முடிவுறாமலே நின்றுவிட்டது.

முதலாவது, தெரிந்து செயல்வகை. ஓர் உறுப்பு நின்றுபோயின் ஏனையவை பயன் தருமா என வினவுக. தொண்டைமானாற்றுத் தடுப்பணை தனித்து நின்றாலும் கடல்நீரைத் தடுக்கும். அவ்வளவிற்கு அது பயனுடையது. வாய்க்கால் இன்றேல் ஆனையிறவு நீர் வடமராட்சியை அடையாது. சங்கிலியின் ஒரு கண்ணி இல்லையெனின் முழுப் பயனும் கைகூடாத அமைப்பு, வரைபடத்தில் எத்துணைச் சிறந்ததாயினும் இடருடையதே.

இரண்டாவது, வலியறிதல். கட்டும் வலிமை வேறு. பேணும் வலிமை வேறு. தடுப்பணைக் கதவுகளை மாரியில் உரிய நாளில் திறத்தல் வேண்டும். வெள்ளம் வடிந்தபின் மூடுதல் வேண்டும். இதற்கு ஆளும் பணமும் அமைதியும் ஆண்டுதோறும் தேவை. 1991இலும் 2000இலும் ஆனையிறவே போர்க்களமாயிற்று. இத்தகைய காலத்தைத் திட்டம் வகுத்தோர் எண்ணியிருத்தல் அரிது. எனினும், "கவனிப்பார் இல்லாத பத்தாண்டுகளில் இது என்னாகும்?" என்னும் வினாவை எத்திட்டத்தின்முன்னும் வைத்தல் தகும். கதவற்ற வான் தானே பாயும். கதவோ கையை எதிர்நோக்கி நிற்கும்.

மூன்றாவது, காலமறிதல். 1954இற் கணக்கிட்ட மிகைநீர் இன்று அவ்வளவே உண்டு எனக் கொள்ளலாகாது. இரணைமடுக்குளத்தின் கொள்ளளவு பெருக்கப்பட்டு 2018 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. குளம் மிகுதியாக ஏந்தின், கடனீரேரிக்குச் செல்வது குறையும். ஆயின், அதே டிசம்பரிற் பெருமழை பெய்து, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. மழை சில நாட்களிற் கொட்டித் தீருமாயின், ஆண்டுச் சராசரி நமக்குத் துணைசெய்யாது. தேவையும் மாறியுள்ளது. அன்று அஞ்சியது உவரை. இன்று உரத்தினால் வரும் நைத்திரேற்றும் கிணறுகளிற் கலந்துள்ளது. இரணைமடு நீரைக் குடிநீராகக் குடாநாட்டுக்குக் கொணர எண்ணியபோது, கிளிநொச்சி உழவர் தம் வயலுக்கு அஞ்சி எதிர்த்தனர். அதன்பின் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024 ஆகத்தில் திறக்கப்பட்டது. அதன் அளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். குடிநீருக்கு வேறு வழி பிறந்தபின், ஆனையிறவுத் திட்டத்தின் பயனைக் கிணறும் நிலமும் உவராகாமற் காத்தல் என்னும் நோக்கிலேயே பெரிதும் அளத்தல் வேண்டும்.

நான்காவது, இடனறிதல். ஒல்லாந்தர் 1932இற் கடல்வாய் ஒன்றை நெடிய அணையால் அடைத்து நன்னீர் ஏரி ஆக்கினர். ஆயின், அவ்வேரிக்கு இரைன் நதியின் கிளை ஆண்டு முழுவதும் நீர் தருகின்றது. நம் கனகராயன் ஆறோ மாரியில் மட்டுமே பெருகுவது. ஆழமற்ற நம் கடனீரேரி, சோழகக் காற்று வீசும் மாதங்களில் விரைந்து வற்றும். அவ்வொல்லாந்த அணையையும் உயரும் கடல்மட்டத்திற்கு அஞ்சி இந்நாளில் வலுப்படுத்த நேர்ந்தது. மேலும், ஆனையிறவில் உப்பளம் உண்டு. இறால் பிடித்து வாழ்வோர் உளர். 1938 முதற் புகலிடமாக இருந்து 2015இல் தேசிய வனமாகிய சுண்டிக்குளத்திற் பறவைகள் உள. நன்னீரால் ஒருவர்க்கு வரும் ஊதியம் மற்றொருவர்க்கு இழப்பாதல் கூடும். அவ்விழப்பையும் கணக்கிற் சேர்த்தல் அறமாகும்.

இவற்றால் அத்திட்டம் பிழையென்று கூறினோமல்லோம். குடாநாட்டின் நீரை ஒரே தொகுதியாகக் கண்ட பெருநோக்கு அதனுடையது, இன்றும் போற்றத்தக்கது. அதனை அப்படியே எடுத்துக் கட்டுவதும், பழையதென்று தள்ளுவதும் ஒருங்கே தவறு. தனித்தும் பயன் தரும் உறுப்பை முதலிற் செப்பனிடுக. சில மாரிகள் நீர்வரவை அளந்து பார்க்க. அவ்வளவு காட்டும் வழியே அடுத்த படியை வைக்க. திரும்பிவர இயலாத படியை இறுதிக்கு விடுக. பொறியியல் பயிலப்போகும் எம் மாணவர், வரைபடத்தை விரிக்கும்போது அளவுகோலோடு இந்நான்கு அதிகாரங்களையும் அருகில் வைத்துக்கொள்வாராக.