‘மா’ – ஓரெழுத்து, பல மொழி

முன்னுரை

ஓரெழுத்தே தனித்து நின்று பொருள் தருமாயின் அதனை ஓரெழுத்தொருமொழி என்பர் இலக்கண நூலார். நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் அத்தகைய சொற்கள் 42 எனத் தொகுத்துரைப்பார். அவற்றுள் ஒன்று ‘மா’. இச்சிறு சொல் தமிழிலும் பிற மொழிகளிலும் பெறும் பொருள்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாய் அமைந்தது ஒரு வகுப்பறை நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் சங்கப்பாடல் ஒன்றை நடத்திக் கொண்டிருந்தேன். ஓரிடத்தில் ‘மா’ என்பதற்குக் குதிரை என்று பொருள் கூறினேன். உடனே மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, சீன மொழியிலும் குதிரைக்கு ‘மா’ என்றுதான் பெயராம். அப்படியானால் சீனர் அச்சொல்லை நம்மிடமிருந்து பெற்றார்கள் என்று சொல்லலாமா?” என்று வினவினார். வகுப்பே கைதட்டி ஆரவாரித்தது. ‘ஆம்’ என்றிருந்தால் மாணவர்களுக்கும் மகிழ்ச்சி, எனக்கும் எளிது. ஆயினும் மனம் ஒப்பவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன்.

தமிழில் ‘மா’

முதற்கண் நம் மொழியை நோக்குவோம். ‘மா’ என்பது மாமரம். மா என்பது விலங்கு. அரிமா, கைம்மா என்னும் சொற்களில் இப்பொருளைக் காணலாம். விலங்குள்ளும் சிறப்பாகக் குதிரையைக் குறிப்பதும் உண்டு. மாநகர், மாமன்னர் என்னுமிடத்துப் பெருமையை உணர்த்தும். கருமை என்ற பொருளும் பண்டு வழங்கியது. அரிசியை இடித்துச் சலித்த மாவும் மாவே. நாம் அதனை உகரம் சேர்த்து ‘மாவு’ என்கிறோம். இலங்கைத் தமிழர் இன்றும் ‘மா’ என்றே வழங்குவர்.

தஞ்சைப் பகுதி உழவரைக் கேட்டால் ‘மா’ என்பது நிலத்தின் அளவு என்பார். 20 மா கொண்டது ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 செண்ட். பழைய கணக்கு வாய்பாட்டில் ‘மா’ என்பது இருபதில் ஒரு பங்கு (1/20). ஆதலின் வேலியை இருபது கூறிட்டதில் ஒரு கூறு அப்பெயர் பெற்றது பொருத்தமேயாகும்.

இவை யாவும் ஒரே சொல்லின் பல பொருள்களா, அன்றிப் பல சொற்கள் ஓரோசையில் வந்து கூடினவா? இவ்வினாவிற்குப் புணர்ச்சி ஒருவாறு விடை தருகிறது. மாமரத்தைக் குறிக்கும் ‘மா’ காயோடு சேருங்கால் மெல்லெழுத்து மிக்கு ‘மாங்காய்’ ஆகிறது. அரிசி மாவைக் குறிக்கும் ‘மா’ கோலத்தோடு சேருங்கால் வல்லெழுத்து மிக்கு ‘மாக்கோலம்’ ஆகிறது. பெருமை குறிக்கும் ‘மா’ கடலோடு சேருங்கால் எவ்வெழுத்தும் மிகாது ‘மாகடல்’ என இயல்பாய் நிற்கிறது. செவிக்கு ஒன்றாய்க் கேட்கும் சொற்கள் புணரும்போது தத்தம் வேற்றுமையைக் காட்டிவிடுகின்றன. ஒரு மொழிக்குள்ளேயே ஓசை ஒன்றாதல் உறவுக்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

அரபியும் பாரசீகமும்

அரபு மொழியில் ‘மா’ என்பது ‘என்ன?’ என்னும் வினாச்சொல். அதுவே ‘இல்லை’ என எதிர்மறையும் உணர்த்தும். ‘எதுவோ அது’ என்று சுட்டியும் நிற்கும். இம்மூன்றனுள் எது என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். பிழைத்தால் ‘உண்டு’ என்பது ‘இல்லை’ என மாறிவிடும். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 102ஆம் வசனத்தில், இரு வானவர்களைப் பற்றிய இடத்தில் வரும் ‘மா’வை ‘அருளப்பெற்றது’ எனக் கொண்ட விரிவுரையாளரும் உளர். ‘அருளப்பெறவில்லை’ எனக் கொண்டவரும் உளர். ஓரெழுத்தளவான சொல்லின்மேல் அறிஞர் பெருமக்கள் எத்துணைக் கருத்தாக நின்று ஆராய்ந்துள்ளனர் என்பதை இது காட்டும்.

தண்ணீரைக் குறிக்கும் அரபுச் சொல்லையும் தமிழில் ‘மா’ என எழுதிவிடுகிறோம். அச்சொல்லின் இறுதியில் ‘ஹம்ஸா’ என்னும் தொண்டையொலி ஒன்று உண்டு. நம் எழுத்தில் அதற்கு வடிவம் இல்லாமையால் இரு சொற்கள் ஒன்றாய்த் தோன்றுகின்றன. எழுத்தும் சிலபோது நம்மை ஏமாற்றும்.

பாரசீக மொழியில் ‘மா’ என்றால் ‘நாம்’. அரபியின் ‘மா’வும் பாரசீகத்தின் ‘மா’வும் ஒரே எழுத்துகளால் ஒரே வடிவில் எழுதப்படுவன, எனினும் அவை உறவுடைய சொற்கள் அல்ல. ஹீப்ரு மொழியில் ‘என்ன?’ என்பதைக் குறிக்கும் ‘மா’ வேறு எழுத்தில் எழுதப்படுவது; ஆயினும் அதுவே அரபுச் சொல்லுக்கு உடன்பிறப்பு. இவ்விரு மொழிகளும் செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவை; அவற்றின் எண்ணற்ற சொற்கள் ஓர் ஒழுங்குமுறைப்படி ஒத்து வருகின்றன. அவ்வொழுங்கே உறவுக்குச் சான்று.

வேறு சில மொழிகளையும் ஒருங்கே காண்போம். வடமொழியில் ‘மா’ என்பது ‘வேண்டா’ என விலக்கும் சொல். இத்தாலியத்தில் ‘ஆனால்’, பிரெஞ்சில் பெண்பாற் பெயர்க்கு முன் ‘என்னுடைய’, ஹங்கேரியத்தில் ‘இன்று’, எஸ்தோனியத்தில் ‘நான்’. இவற்றுட் சில குறுகியும் சில நீண்டும் ஒலிப்பினும் ஓசை ஏறத்தாழ ஒன்றே. பொருளோ வெவ்வேறு.

கீழை நாடுகளில்

கீழை மொழிகள் பலவற்றில் குரலின் ஏற்ற இறக்கமே பொருளை வேறுபடுத்தும். சீனப் பொதுமொழியில் ‘மா’வைக் குரல் உயர்த்திச் சமமாய் ஒலித்தால் தாய், தாழ்விலிருந்து ஏற்றி ஒலித்தால் சணல், தாழ்த்தி வளைத்தால் குதிரை, உயரத்திலிருந்து சட்டென இறக்கினால் வைதல். வியத்நாமில் ஆறு தொனிகள். அவற்றிற்கேற்பப் பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று என ஆறு பொருள் தோன்றும். தாய்லாந்து மொழியிலோ ‘வா’, குதிரை, நாய் என மூன்று.

இனி, மாணவரின் வினாவிற்கு வருவோம். சீனத்தின் இன்றைய ‘மா’வையும் நமது பண்டைய ‘மா’வையும் ஒப்பிடுதல் முறையன்று, பழமையைப் பழமையோடே ஒப்பிடல் வேண்டும். சீனத்தின் பழைய வடிவத்தை மீட்டுருவாக்கிய மொழிநூலார், குதிரைக்கான அச்சொல்லில் மகரத்தை அடுத்து ரகரம் ஒன்று இருந்ததென்பர். சீனத்தோடு உறவுடைய பர்மிய மொழியில் குதிரையைக் குறிக்கும் சொல்லின் எழுத்து வடிவில் இன்றும் அந்த ரகரத்தின் சுவடு உண்டு. தமிழ் ‘மா’வோ விலங்கு என்னும் பொதுப்பொருளிலும் வழங்கியது, ரகரத்தின் தடம் அதில் இல்லை. எனவே இவ்வொப்புமை தற்செயலாய் நேர்ந்ததேயன்றிக் கொடுக்கல் வாங்கலால் நேர்ந்ததன்று.

‘உம்மா’

இவ்விடத்து என் இளமை நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் தாயை ‘உம்மா’ என்றே அழைப்போம். பள்ளித் தோழன் ஒருவன், “அது தமிழே இல்லை” என்றான். மறுநாள் வீட்டில் ‘அம்மா’ என்று அழைத்துப் பார்த்தேன். அருகிருந்த முதிய உறவினர், “அது நம்ம சொல் இல்லை” என்று கடிந்தார். பத்து வயதுச் சிறுவனாகிய நான் எச்சொல்லால் அழைப்பதென்று அறியாமல் அன்று முழுதும் தாயை அழைக்காமலே இருந்தேன். மாலையில் அவரே வந்து, “என்ன வாப்பா, காலையிலேருந்து என்னைக் கூப்பிடவே இல்லையே?” என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை.

விடையைப் பின்னாளில் மொழிநூல் தந்தது. ரோமன் யாக்கோப்சன் என்னும் அறிஞர் 1960இல் வெளிவந்த கட்டுரையொன்றில், பால் அருந்தும் குழவியின் மூடிய வாயிலிருந்து எழும் மூக்கொலியே உலகின் பல மொழிகளில் தாய்ப்பெயராய் அமைந்தது என விளக்கினார். அரபியின் ‘உம்மு’, தமிழின் ‘அம்மா’, உருதுவின் ‘மா(ன்)’, சீனத்தின் ‘மா’ ஆகிய அனைத்திலும் மகரம் அமைந்ததற்கு அவ்விளக்கம் பொருந்தும். இதற்கும் புறனடை உண்டு; ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை! குழவி எழுப்புவது ஓசையை மட்டுமே. அதற்குப் பொருள் தருவோர் கேட்டு நிற்கும் மக்கள். ஆதலின் ‘உம்மா’ என்பது தன் தாயை அவ்வாறு அழைக்கும் தமிழ்ப் பிள்ளையின் சொல். அதனை அயற்சொல் என ஒதுக்கவும் வேண்டா. ‘அம்மா’வைப் பிறர் சொல் என விலக்கவும் வேண்டா.

முடிவுரை

சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் வெளிப்படையாய்த் தோன்றாது என்று உரியியலில் உரைத்தார் தொல்காப்பியர். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு சமுதாய வழக்கால் அமைந்ததேயன்றி இயற்கையால் அமைந்ததன்று என, 1916இல் வெளிவந்த நூலின் வழி அறிவித்தார் சசூர். இருவர் கருத்தும் இங்கு ஒருங்கே நோக்கத்தக்கன.

ஒரு வாரம் கழித்து வகுப்பில் இவற்றை எடுத்துரைத்தேன். வினவிய மாணவரின் முகம் வாடியது. அவருக்கு மற்றொரு ‘மா’வைக் காட்டினேன். தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ங. 1498இல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த போர்த்துக்கீசியர் பின்னர் அக்கனியோடு பெயரையும் கொண்டு சென்றனர். அவர் மொழியில் ‘மங்கா’ ஆகிப் பின் ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆயிற்று. இங்கே ஓசை ஒத்துள்ளது, பொருள் ஒத்துள்ளது, சொல் சென்ற வழியும் காலமும் தெரிகின்றன. இத்தகைய சான்றுகள் கூடியவிடத்து, ‘இது எம் நிலத்திலிருந்து சென்ற சொல்’ என்று தலைநிமிர்ந்து கூறலாம். ஓசை ஒன்றையே பற்றிப் பெருமை பேசினால், பிறர் நகைக்கும்போது மெய்யான பெருமையும் ஐயத்திற்கு இடமாகிவிடும்.

மாணவச் செல்வங்கள் கா, தீ, நா, பூ என்னும் ஏனைய ஓரெழுத்தொருமொழிகளையும் இம்முறையில் ஆராய்வார்களாக. கைதட்டல் எழும்போது சான்று கேட்கும் துணிவும் அவர்க்கு வாய்ப்பதாக.