செக்ரோலைக் கணினியிடம் கொடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு

பூனாகலைப் பக்கத்து லயங்களில் பிறந்து, இன்று கொழும்பில் மென்பொருள் எழுதப் பழகும் பிள்ளைகளே, தோட்ட ஆபிஸில் சம்பளக் கணக்குப் போட்டவன் சொல்கிறேன்.

1. சம்பளம் 10ஆம் திகதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். அதற்காகத் திகதியை மட்டும் பார்த்துக் கணக்கை ஓடவிடாதீர்கள். முழுநாள் வேலைக்கு முழுப்பேர், அரைநாளுக்கு அரைப்பேர், மேலதிகக் கிலோ எல்லாம் பதிந்து, கடைசிப் பிரிவின் வருகைப் பதிவேடான செக்ரோலும் மூடப்பட்டதா என்று நிரலே பார்த்துவிட்டுத் தொடங்கட்டும்.

2. பாதியில் நின்றால் மறுபடி ஓட்டினாலும் கெடாதபடி எழுதுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. தீபாவளி முற்பணத் தவணையைப் பிடித்த கையோடு கரண்ட் போனால், மறு ஓட்டம் அதையே இன்னொரு தடவை பிடிக்கும். ஆளின் பதிவு எண், மாதம், பிடிப்பின் வகை மூன்றையும் சேர்த்து ஓர் அடையாளம் வையுங்கள். அதே அடையாளம் மறுபடி வந்தால் தரவுத்தளமே மறுக்கட்டும். பிடிப்பைப் பதிவதும் கடன் மீதியைக் குறைப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. வேகத்தைப் பற்றிய பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான்.

3. வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும்போது பிரிவு வாரியாகப் பிரிக்கத்தான் கை போகும். வேண்டாம். இந்தப் பிரிவில் பேர் உள்ளவர் இரண்டு நாள் பக்கத்துப் பிரிவில் கொழுந்து எடுத்திருப்பார். இரண்டு ஓட்டங்கள் ஒரே ஆளின் கணக்கைத் தொடும். பதிவு எண்ணை வைத்துப் பிரியுங்கள். சேமலாப நிதிக்கு ஆளிடம் 8 சதவீதம், தோட்டம் 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 சதவீதம்: தோட்டத்தின் இந்த மொத்தங்களை எல்லா ஓட்டமும் முடிந்த பிறகே போடுங்கள். எத்தனை ஓட்டம் வைத்தாலும் எல்லாம் ஒரே தரவுத்தளத்தின் வாசலில் காத்து நின்றால் நேரம் மிச்சமாகாது.

4. சர்வர் பெரும்பாலும் கிரீனிச் நேரத்தில் இருக்கும். நமக்கு ஏப்ரல் 1 நள்ளிரவு என்றால் அதற்கு மார்ச் 31 மாலை 6.30. அதனிடம் ‘போன மாதம்’ என்று கேட்டால் பெப்ரவரியை எடுத்து வைக்கும். எந்த மாதம் என்பதை நீங்களே எழுத்தில் கொடுங்கள். ஐந்தரை மணி வித்தியாசத்தையும் நிரலுக்குள் புதைக்காதீர்கள். 1996இல் இந்த நாடு கடிகாரத்தை இரண்டு தடவை மாற்றியது, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது.

5. போயா விடுமுறை நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றையும் நிரலுக்குள் எழுதாமல் தனிப் பட்டியலாக வையுங்கள்.

6. ஒருவருடைய கணக்கு இடறினால் மற்றவர்களை நிறுத்தாதீர்கள். அவரை மட்டும் ஒதுக்கி, பதிவு எண்ணையும் காரணத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, 9ஆம் திகதிக்கு முன்பே கிளாக்கரிடம் சேர்த்துவிடுங்கள்.