கோடியக்கரையில் குறைவாக நடங்கள்

கோடியக்கரைக்கு மார்கழி, தையில் போங்கள். வலசைப் பறவைகள் ஐப்பசியிலேயே வரத் தொடங்கிவிடும் என்றாலும், அடைமழை ஓய்ந்தபின்தான் நடக்கத் தோதுப்படும். 2023 ஏப்ரலில் அகத்தியம்பள்ளி வரை அகல ரயில்பாதை திறந்ததில் திருத்துறைப்பூண்டிக்காரர்களுக்கு வசதிதான். ஆனாலும் முந்தின இரவே வேதாரண்யத்தில் தங்கிவிடுங்கள். பத்து மணி வெயிலில் போய் நின்று, ‘ஒண்ணுமே இல்லை’ என்று திரும்புகிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

இந்தச் சரணாலயம் 1967இல் அமைந்ததே வெளிமான்களுக்காகத்தான். வனத்துறையிடம் அனுமதி வாங்கும்போதே எந்தப் பாதையில் நடக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிமான்கள் காலையில் புல்வெளியில் மேயும். கருத்த முதுகும் முறுக்கிய கொம்பும் இருந்தால் ஆண். வெளிர் பழுப்பாக, கொம்பில்லாமல் இருந்தால் பெண். அதை நோக்கி நேராக நடக்காதீர்கள். தலைதூக்கிப் பார்த்ததும் நின்றுவிடுங்கள். மறுபடி குனிந்து மேய்ந்த பிறகு நகரலாம். பக்கத்தில் திரியும் குதிரைகளுக்கு எசமானர் கிடையாது. தடவிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

சதுப்பில்தான் கவனம் அதிகம் தேவை. உப்புப் பூத்துக் காய்ந்த தரைபோலத் தெரியும். காலை வைத்தால் சேறு உள்ளே இழுக்கும். நாற்றங்காலில் இறங்கிப் பழகிய டெல்டாக்காரர் என்ற தைரியம் இங்கே செல்லாது. கரையிலேயே, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி ஓரிடம் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் நில்லுங்கள். பைனாகுலர் இருந்தால் போதும், பூநாரையும் கரண்டிவாயனும் தெளிவாகத் தெரியும். படம் எடுக்கக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான் ஆர்க்டிக் பக்கமிருந்து வருகிறது. திரும்பிப் பறக்க வேண்டிய கொழுப்பை இந்தமாதிரிச் சேற்றில் மேய்ந்துதான் உடம்பில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தத் தீனி நேரம் போகிறது.

தெற்கு நோக்கி வரும் சோழமண்டலக் கரை இங்கேதான் மேற்கே திரும்புகிறது; ஒருபக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. தை முதல் பங்குனி வரை இரவில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அந்நேரம் டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் கூடாது. முட்டைக்குழி கண்ணில் பட்டால் தோண்டிப் பார்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சீமைக்கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைத்துவிடும், தடித்த அடிப்பாகமுள்ள ஷூ போடுங்கள். குடிநீரை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ராமர் பாதம் மேட்டுக்குப் போகும்போது தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள். கையில் தொங்கவிட்டால் குரங்கு பறித்துக்கொண்டு போய்விடும்.