துளை ஒரு பக்கம், போல்ட் ஒரு பக்கம்: எந்த வழி எப்போது?

காரின் பழைய லோயர் ஆர்மைக் கழற்றியதோடு பாதி வேலைதான் முடிகிறது. புதியதை மாட்டும்போது ஒரு போல்ட் சமர்த்தாக உள்ளே போய்விடும். அடுத்ததற்கான துளை விரற்கடை தள்ளி நிற்கும். உடனே கை சுத்தியலைத் தேடும். அடித்தால் துளை நகராது, போல்ட்டின் மரைதான் நசுங்கும்.

பாகம் மாறி வந்துவிட்டதோ என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். பழையதையும் புதியதையும் தரையில் அருகருகே வைத்துப் பார்த்தால், இடதும் வலதும் மாறியிருந்தால் தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றுதான் என்றால் காரணம் வேறு. கார் தரையில் நிற்கும்போது அதன் எடை ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருக்கிறது. ஜாக்கியில் ஏற்றியதும் ஸ்பிரிங் நீள்கிறது, சக்கரம் தொங்குகிறது, ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்கிறது, ஸ்டெபிலைசர் பார் தன் பக்கம் இழுக்கிறது. எனவே துளை எந்தத் திசையில் விலகியிருக்கிறது என்று பார்த்தபின்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஒரு நிபந்தனை உண்டு. டயர் மாற்றுவதற்காகக் காருடன் வரும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதைவிட மோசம். சமதளத்தில், ஆக்ஸில் ஸ்டாண்டில்தான் கார் நிற்க வேண்டும்.

தளர்த்திப் பார்ப்பது

செலவே இல்லாத வழி இது. முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். ஏற்கெனவே மாட்டிய போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டால் அடுத்த துளை எப்படி நகரும்? எல்லாப் போல்ட்டுகளையும் கையால் சில சுற்று மட்டும் ஏற்றி, ஆர்ம் ஆடும்படி விட வேண்டும். ஸ்டெபிலைசர் லிங்க்கின் போல்ட் மட்டும் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் காரின் ஒரு பக்கம் மட்டும் தூக்கப்பட்டிருக்கும். மறுபக்கத்தையும் அதே உயரத்துக்கு ஏற்றினால் பாரின் முறுக்கு விடுபட்டு, லிங்க் தானே இடத்துக்கு வரும்.

1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 இதற்கு நல்ல உதாரணம். அதில் ஸ்டெபிலைசர் பாரின் நுனியே லோயர் ஆர்முக்குள் நுழைந்து, ஆர்ம் முன்பின் நகராமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் பாரின் பிடிமானம் ஆர்மை முன்னோ பின்னோ இழுத்து வைக்கும். பாரை பாடியோடு பிணைக்கும் இரண்டு பிராக்கெட்டுகளையும் தளர்த்தினால், மல்லுக்கட்டாமலே வேலை முடியும்.

ஜாக்கி: மேல்-கீழ் விலகலுக்கு

துளை கீழே இறங்கி நிற்கிறதா? இரண்டாவது ஜாக்கிதான் சரி. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பின்பக்க ஷாக் அப்சார்பரின் அடிப் போல்ட் இப்படித்தான் அடம்பிடிக்கும். குறுக்கு ஆக்ஸிலை மெல்ல உயர்த்தினால் துளைகள் நேராகும். முன்பக்கமென்றால் ஆர்மின் பால் ஜாயின்ட் முனைக்கு அருகே, ஒரு மரக்கட்டையை இடையில் வைத்துத் தூக்க வேண்டும். இம்மி இம்மியாக நகர்த்தலாம், நகர்த்திய இடத்தில் நிற்கும் என்பது ஜாக்கியின் பலம். கார் ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

லீவரா, ராட்செட் பெல்ட்டா?

முன்-பின், பக்கவாட்டு விலகலுக்கு இந்த இரண்டில் ஒன்று. நீளமான லீவர் கம்பி வேகமானது. ஆனால் ஒருவர் நெம்பிப் பிடிக்க, இன்னொருவர் போல்ட்டை நுழைக்க வேண்டும். தடித்த சப்ஃபிரேமில்தான் அண்டை கொடுக்கலாம். மெல்லிய தகட்டில் கொடுத்தால் தகடு வளையும், பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையில் பட்டால் கிழியும்.

தனியாக வேலை செய்பவருக்கு, லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட் மேல். ஒரு கொக்கியை ஆர்மிலும் மற்றொன்றை உறுதியான சட்டத்திலும் மாட்டி, ஒவ்வொரு சொடுக்காக இழுக்கலாம். இரு கைகளும் ஓய்வாக இருக்கும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், டிரைவ் ஷாஃப்ட் எதன்மீதும் பெல்ட் உரசக் கூடாது. இழுபட்ட பெல்ட்டுக்கு நேரெதிரே முகத்தை வைப்பதும் ஆபத்து.

நுனி ஒடுங்கிய பஞ்ச்

துளை தெரிகிறது, ஆனால் பிறை போல ஒரு ஓரம் மட்டும் மறைந்திருக்கிறது என்றால் பஞ்ச் போதும். அதை மறுபுறத்திலிருந்து செருகி நெம்பி, துளைகளை நேராக்கி, பஞ்ச் பின்வாங்கப் பின்வாங்க இந்தப் புறத்திலிருந்து போல்ட்டைத் தள்ள வேண்டும். விலகல் சில மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இது பலிக்காது. நேராகிவிட்டதா என்று துளைக்குள் விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. ஆர்ம் நழுவினால் விரல் போய்விடும்.

பால் ஜாயின்ட்டைக் குறுக்குப் போல்ட்டால் பிடிக்கும் கார்களில் மட்டும் கணக்கு வேறு. அங்கே ஜாயின்ட்டின் தண்டில் ஒரு பள்ளம் இருக்கும். தண்டு முழுக்க உள்ளே ஏறினால்தான் போல்ட்டுக்கு வழி கிடைக்கும். நெம்புவதை விட்டு, தண்டை இன்னும் மேலே ஏற்ற வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் இரண்டாவது ஜாக்கியை வாங்கலாம். மாட்டுவதற்கு மட்டுமல்லாமல் கடைசி முறுக்குக்கும் அது வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டுகளை இறுக்கினால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியபடி நின்று சீக்கிரமே கிழியும். ஆர்மை அதன் இயல்பான உயரத்துக்கு ஏற்றிய பின்பே, டார்க் ரென்ச்சால், அந்தக் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும்.

இந்த வழிகள் எதற்கும் துளை மசியவில்லை என்றால், அதுவும் முன்பு மோதிய கார் என்றால், சப்ஃபிரேமோ சட்டமோ வளைந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது வேலையை அங்கேயே நிறுத்தி, அளந்து பார்க்கும் வசதியுள்ள ஒர்க்‌ஷாப்பில் காட்டுவதே நல்லது. எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தாலும், முதல் நீண்ட பயணத்துக்கு முன் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.