கால்–வாய் நோயும் ஊராரின் முன்னாயத்தமும்

நெற்பயிரில் நோய்க்குறி கண்ட கமக்காரர் அதனை அன்றே அயல் வயற்காரருக்குச் சொல்லிவிடுவர். தம் வரம்போடு அந்நோய் நின்றுவிடாதென்பதை அவர் அறிவார். ஆயின் பட்டியில் ஒரு மாடு நொண்டி, வாயில் நுரை தள்ளி நிற்கக் கண்டால், அதே கமக்காரர் சிலவேளை ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை. பால் வாங்குவோர் வரமாட்டார்கள், மாட்டை விற்க முடியாது, ஊரார் குறை கூறுவர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவ்வாறு மறைக்கப்படும் ஒரு மாட்டிலிருந்தே கால்–வாய் நோய் ஊர் முழுவதையும் பற்றுகிறது. ஆதலால் இந்நோய்க்கு எதிரான வேலைகளை, நோய் வருவதற்கு முந்திய போகத்திலேயே ஊரார் ஒன்றுகூடித் தொடங்குதல் வேண்டும்.

நோயின் இயல்பு

கால்–வாய் நோய் கண்ணுக்குப் புலப்படாத வைரசுக் கிருமியால் உண்டாவது. பிளவுபட்ட குளம்புடைய மாடு, எருமை, ஆடு, செம்மறி, பன்றி ஆகியவற்றை இது பற்றும். கிருமி உடலிற் புகுந்து 2 தொடக்கம் 14 நாட்களுள் குறிகள் தோன்றும். முதலிற் காய்ச்சல் காணும். மாடு தீன் எடாது. பால் திடீரெனக் குறையும். பின்னர் நாக்கிலும் முரசிலும் குளம்பிடுக்கிலும் மடிக்காம்பிலும் கொப்புளங்கள் எழுந்து உடைந்து புண்ணாகும். வாயிலிருந்து எச்சில் நூலாக வடியும். மாடு காலை உதறி நொண்டும்.

வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வதால் இந்நோயை அற்பமென எண்ணுவோர் உளர். அது தவறு. இளங்கன்றுகளில் இந்நோய் இருதயத்தைத் தாக்குவதால் அவை திடீரென இறந்துவிடக்கூடும். கறவையின் பால் அந்த ஈற்று முடியும்வரை பழைய அளவுக்குத் திரும்பாதிருத்தலும் உண்டு. வண்டி எருது வாரக்கணக்கில் நுகம் சுமவாது. பாலை விற்று விதைநெல்லும் பசளையும் வாங்கும் குடும்பத்துக்கு இவ்விழப்பு வயலிலும் காணப்படும்.

கிருமியைக் கொல்லும் மருந்து இந்நோய்க்கு இல்லை. குறிகள் வெளிப்படுமுன்னரே மாடு கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுவதால், நோய் தெரிந்தபின் கடக்கும் ஒவ்வொரு நாளும் நட்டமே. 2014ஆம் ஆண்டில் இலங்கையின் பல பகுதிகளில் இந்நோய் பரவியமை கமக்காரர் பலருக்கு நினைவிருக்கும்.

நோய் வரும் வழிகள்

பெரும்போக விதைப்புக்கு முன் மாடுகள் வயற்புறத்திலிருந்து அகற்றப்பட்டு மேய்ச்சற்றரைக்குச் சாய்க்கப்படுகின்றன. அறுவடையின்பின் அரிதாள் மேய மீண்டும் வயலுக்கு வருகின்றன. இவ்விரு காலங்களிலும் பல பட்டிகள் ஒரே வழியில் நடந்து, ஒரே குளத்தில் நீர் அருந்தி, ஒரே தரையில் மேய்கின்றன. நோய்க்கு இவற்றினும் நல்ல வாய்ப்பு வேறில்லை.

விற்பனைக்காகக் கொண்டுவரப்படும் மாடும் ஆடும் இரண்டாவது வழியாகும். வெளித்தோற்றத்தில் நலமாயிருக்கும் பிராணியும் நோயைக் காவி வரலாம். பல ஆண்டுகள் இலங்கையில் இல்லாதிருந்த மாட்டுக் கொள்ளைநோய் 1987ஆம் ஆண்டில் வெளியிலிருந்து வந்த ஆடுகளோடு மீண்டும் நுழைந்தது. இடைவிடாத தடுப்பு முயற்சியால் அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதென 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஒற்றுமையாக முயன்றால் கொடிய நோயையும் வெல்லலாமென்பதற்கு இதுவே சான்று.

மரக்கறிச் செய்கையாளருக்கு மூன்றாவது வழியொன்று உண்டு. அது எருவாகும். நோயுள்ள பட்டியின் பச்சைச் சாணமும், அதனை ஏற்றிவரும் உழவு இயந்திரத்தின் சில்லும், சாக்கும், மண்வெட்டியும் கிருமியைக் கொண்டுவரும். நோயின் பேச்சு அடிபடும் காலத்தில் வெளியூர் எருவை வாங்குதலையும், தோட்டக் காணியிற் பிறர் மாடுகளைப் பட்டி கட்டுதலையும் நிறுத்துதல் வேண்டும்.

போகத்துக்கு முன் செய்ய வேண்டியவை

நீர் திறக்கும் நாளும் விதைப்பு நாளும் மாடு அகற்றும் நாளும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திற் குறிக்கப்படுகின்றன. அக்கூட்டத்துக்கு மிருக வைத்திய அதிகாரியையும் அழைத்துப் பின்வருவனவற்றையும் தீர்மானித்துக்கொள்ளலாம்.

1. கணக்கு: ஊரில் எவரிடம் எத்தனை மாடு, எருமை, ஆடு உள்ளன என்பதைக் கமக்காரர் அமைப்பு எழுதி வைத்தல் வேண்டும்.

2. தடுப்பூசி: ஊசி ஏற்றியவுடனேயே பாதுகாப்பு உண்டாவதில்லை, அதற்குச் சில நாட்கள் செல்லும். எனவே பட்டிகள் ஒன்றுகூடுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னரே ஊசி ஏற்றுவித்தல் நன்று. அப்பாதுகாப்பு நெடுங்காலம் நில்லாததால் அதிகாரி குறிக்கும் தவணைகளில் மீண்டும் ஏற்றுவித்தல் வேண்டும். ஊரிற் பாதி மாடுகளுக்கு ஏற்றி மீதியை விடுதல், வேலியில் ஒரு பக்கத்தை மட்டும் அடைத்தல் போன்றதாகும்.

3. புது மாடு: வாங்கிவந்த பிராணியை மூன்று வாரம் வேறாகக் கட்டி, அதற்கெனத் தனி வாளியும் தனித் தீனும் வைத்தபின்னரே பட்டியிற் சேர்த்தல் வேண்டும்.

4. ஒதுக்கிடம்: நோயுற்ற மாடுகளைக் கட்டுவதற்கு, பொது வழிக்கும் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் எட்டிய, நிழலும் உலர்ந்த தரையும் உள்ள இடமொன்றை முன்னரே தெரிந்துகொள்ளல் வேண்டும்.

5. கிருமிநீக்கி: 10 லீற்றர் நீருக்கு 400 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்த நீர் இக்கிருமியை அழிக்கும். அப்பச்சோடா இதற்கு உதவாது. சாணமும் சேறும் படிந்த இடத்தில் இந்நீர் வேலை செய்யாதாகையால், பாதணியையும் சில்லையும் முதலிற் கழுவித் துடைத்தபின் இதனாற் கழுவுதல் வேண்டும். இது தோலையும் கண்ணையும் உறுத்துமாதலின் கவனமாகக் கையாள்க.

நோய்க்குறி கண்டால்

மாடு நொண்டி எச்சில் வடித்தால் அன்றே மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் தொற்றுநோய் பற்றியதாகும். அறிவித்தல் சட்டப்படியும் கடமையாம். தொண்டை வீங்கி, எச்சில் வடிந்து, மூச்சுத் திணறி ஓரிரு நாளுள் மாட்டைக் கொல்லும் தொண்டையடைப்பான் என்பது வேறொரு நோய். அதற்கு மருத்துவமும் வேறு. ஆதலால் எந்நோயெனத் தாமே தீர்மானித்து ஊசி மருந்து ஏற்றுதல் கூடாது.

அதிகாரி வரும்வரை அந்த மாட்டை ஒதுக்கிடத்திற் கட்டி, மற்ற மாடுகளையும் மேய்ச்சலுக்கு விடாது மறித்தல் வேண்டும். நோயுற்ற மாட்டுக்கு இளம்புல், கஞ்சி, நல்ல நீர் கொடுக்கலாம். அதனைப் பார்ப்பவர் வேறு பட்டிக்குப் போகலாகாது. கன்றைத் தாயிடம் ஊட்டவிடாது, கொதிக்கவைத்து ஆறிய பாலைப் பருக்குதல் வேண்டும்.

அறிவித்தவரை ஊர் தாங்குதல்

ஒரு கமக்காரர் காலையில் தம் பசு நொண்டுவதைக் காண்கிறார் எனக் கொள்ளலாம். மாலையில் மாட்டு வியாபாரி வருவார். விற்றால் கையிற் பணம் வரும். நோயோ வியாபாரியோடு பத்து ஊருக்குப் போகும். அறிவித்தாற் சில வாரங்களுக்கு மாடு விற்றலும் சாய்த்தலும் தடைப்படும். பால் வருவாயும் குறையும். இந்நட்டத்தை அவர் ஒருவரே சுமக்க நேரின், அடுத்தமுறை எவரும் வாய் திறவார்.

ஆகவே, முதலில் அறிவிப்பவருக்கு ஊர் செய்யும் உதவியைக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்தல் வேண்டும். அடைத்து வைத்த மாடுகளுக்கு அயலார் முறைவைத்துப் புல் வெட்டி வேலியோரத்தில் வைக்கலாம். வைக்கோல் உள்ளவர் கட்டுக்கணக்கிற் கொடுக்கலாம். அவருடைய வயலுக்கு நீர் கட்டும் முறையைப் பிறர் பார்க்கலாம். அவர் அறிவித்ததனாலேயே மற்றவர்களுடைய கன்றுகள் பிழைக்கின்றன. ஆதலால் இது தருமமன்று, கடனாகும்.

கமக்காரர் வரும் கூட்டத்துக்குச் செல்லும்போது மூன்று வினாக்களை மனத்திற் கொண்டு செல்வாராக: ஊசி ஏற்றும் நாள் எது? ஒதுக்கிடம் எது? முதலில் அறிவிப்பவருக்குப் புல் வெட்டுவோர் யார்? இவற்றுக்கு விடை எழுதப்பட்ட பின்னரே அவ்வூரிற் போகத்துக்கான ஆயத்தம் நிறைவெய்தியதாகும்.