களனிச் சித்திரங்களைக் காணச் செல்வோருக்கு

பாரிஸ் மாநகரில் லா ஷப்பெல் பகுதியை அண்டி வாழும் எங்கள் உறவினர், கோடை விடுமுறைக்குத் தென் பிரான்ஸ் சென்று திரும்பும்போதெல்லாம் தவறாமற் புகழ்ந்துரைக்கும் ஊர்களுள் சான் போல் து வான்ஸ் ஒன்று. குன்றின்மீது மதில் சூழ நிற்கும் அந்த மத்தியகால நகரத்திலே ஓவியர் பலர் தங்கி வரைந்தனர். மார்க் ஷகால் தம் முதுமைக் காலத்தை அங்கே கழித்து, 1985இல் மறைந்தபின் அவ்வூர் மயானத்திலேயே அடக்கம் பெற்றார். அதற்கு அயலிலுள்ள வான்ஸ் என்ற ஊரில், ஹென்றி மத்தீஸ் நோயுற்ற முதுமையிலும் அயராது அலங்கரித்த சிற்றாலயம் 1951இல் நிறைவெய்தியது. இவற்றைக் காண உலகின் நாலா திசைகளிலிருந்தும் மக்கள் யாத்திரை செல்வது முற்றிலும் நியாயமே. ஆயினும் அந்தச் சிற்றாலயம் நிறைவெய்துவதற்கு ஒரு தசாப்தத்துக்கு முன்பே, கொலன்னாவையிலிருந்து சிறிது நேர பஸ் பிரயாணத்தில் எட்டிவிடக்கூடிய பொரளைக் கோதமி விகாரையின் சுவர்களிலே, ஜோர்ஜ் கீற் என்னும் நம் நாட்டு ஓவியர் புத்தபிரானின் சரித்திரம் முழுவதையும் வரைந்து முடித்திருந்தார் என்பதை, கொழும்புத் தமிழருள் எத்தனை பேர் அறிவர் என்று நான் அடிக்கடி எண்ணியதுண்டு.

கொலன்னாவை என்றதும் எண்ணெய்த் தாங்கிகளையும் மழைக்கால வெள்ளத்தையுமே பலர் நினைக்கின்றனர். ஆனால் எங்கள் ஊருக்குத் தெற்கே, பதினைந்தாம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு கொலுவீற்றிருந்த கோட்டை இராசதானியின் நிலம் கிடக்கிறது. வடக்கே களனி கங்கையின் அக்கரையில், அவ்வரசன் காலத்துக்கும் நெடுங்காலம் முன்னரே புகழ்பெற்றிருந்த களனி ரஜமகா விகாரை நிற்கிறது. மத்தியகாலச் சரித்திரமும் சித்திரக் கலையும் ஒன்றுசேர்ந்த ஊரொன்றைக் காண விரும்பும் எவரும் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நான் பல ஆண்டுகளாக இவ்விடங்களுக்குத் தனித்தும், குடும்பத்தாருடனும், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருடனும் சென்று பெற்ற அனுபவத்திலிருந்து, புதிதாகச் செல்வோருக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, செல்வதற்கு முன் கதைகளை அறிந்துகொள்ளுங்கள். விகாரைச் சித்திரம் கதை சொல்வதற்காகவே வரையப்பட்டது. கதையை அறியாதவருக்கு அது வர்ணக் கூட்டமாகவே தோன்றும். இதில் தமிழ் வாசகருக்குத் தனிப்பட்ட சௌகரியம் ஒன்றுண்டு. மணிபல்லவத்திலே நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்துக்காகப் போரிட்டதையும், புத்தர் தோன்றி அப்பகையைத் தீர்த்ததையும் மணிமேகலை பேசுகிறது. மகாவம்சம் அதே நிகழ்ச்சியை நாகதீபத்தில், அதாவது இன்றைய நயினாதீவில், நடந்ததாக வைத்துச் சொல்லி, அங்கே புத்தரைக் கண்டு வணங்கிய மணியக்கிகன் என்ற களனி நாட்டு நாக அரசன் அவரைத் தன் ஊருக்கு எழுந்தருளுமாறு வேண்டினான் என்றும், அவ்வேண்டுகோளின்படியே அவர் மூன்றாம் முறை இலங்கைக்கு வந்தார் என்றும் உரைக்கிறது. நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசித்து வளர்ந்த ஒருவர், களனிச் சுவரில் அந்த நாகர்களைக் காணும்போது பிறர் வீட்டுக் கதையைக் காண்பவராக இரார்.

விபீஷணரும் நமக்குப் புதியவரல்லர். களனியிலே அவருக்குத் தனிக் கோவில் உண்டு. செலலிஹினி சந்தேசம் என்ற சிங்களத் தூதுக் காவியம், ஆறாம் பராக்கிரமபாகுவின் மகள் உலகுடய தேவிக்குப் புத்திர பாக்கியம் வேண்டி, அந்த விபீஷணரிடத்திலே பறவையைத் தூது விடுவதாக அமைந்ததாகும். அதைப் பாடிய தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் தமிழ் உட்பட ஆறு பாஷைகளில் வல்லவராகப் போற்றப்பட்டவர். இவற்றையெல்லாம் ஒரு மாலைப்பொழுது வீட்டிலிருந்து வாசித்துவிட்டுச் செல்பவருக்கும், ஒன்றும் அறியாது செல்பவருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை நான் என்னுடன் வந்தவர்களிடத்திலே நேராகக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, நாளையும் நேரத்தையும் தெரிந்தெடுங்கள். போயா தினங்களிலும், தை மாதத்தை ஒட்டி வரும் துருத்துப் பெரஹெரா காலத்திலும் களனியில் அடியார் கூட்டம் அலைமோதும். பக்திப் பெருக்கைக் காண விரும்புவோருக்கு அவை உகந்த நாட்கள், சித்திரத்தைக் காண விரும்புவோருக்கு உகந்தவையல்ல. வேலைநாட் காலையே சிறந்தது. பாதரட்சைகளை வாசலிலேயே கழற்றிவிட வேண்டுமாதலால், உச்சிவெயிலில் முற்றத்து மணலும் கல்லும் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். சிறுபிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்வோர் இதை மனத்திற் கொள்ள வேண்டும். தெமட்டகொடைப் புகையிரத நிலையத்துக்கு அடுத்த நிலையமே களனி. அங்கிருந்து முச்சக்கர வண்டியில் விகாரைக்குப் போய்விடலாம். தோளும் முழங்காலும் மறையும் வெள்ளை உடையோ வெளிறிய உடையோ உடுத்திச் செல்லுங்கள், தொப்பியைக் கழற்றுங்கள், புத்தர் திருவுருவத்துக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், சுவரைத் தொடாதீர்கள். ஒவ்வொருவர் விரலின் வியர்வையும் சித்திரத்துக்குச் சிறிது சிறிதாகச் சேதம் விளைவிக்கிறது.

மூன்றாவது, இதுவே நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது: சித்திரங்களை அவற்றின் காலக்கிரமத்திலே பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் களனியை அழித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில், கண்டிச் சிங்காசனத்தில் அமர்ந்த நாயக்க வம்சத்தவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலே அது மீண்டும் எழுந்தது. ஆகவே விகாரையின் பழைய பகுதியிலுள்ள கண்டிய மரபுச் சித்திரங்களை முதலிற் பாருங்கள். சிவந்த தளத்தின்மேல், நிழலும் ஆழமும் காட்டாத தட்டையான வர்ணங்களில், பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பிய முகங்களுடன் உருவங்கள் வரிசை வரிசையாகச் செல்லும். உருவத்துக்கும் உருவத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை மலர்கள் நிரப்பும். ஒரு பட்டியின் தொடக்கத்தைக் கண்டுபிடித்து, ஒரே மனிதன் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் கவனித்துக்கொண்டு நடந்தால், கதை தானே விரியும்.

அதன்பிறகு புதிய பகுதிக்குள் நுழையுங்கள். 1920களின் பிற்பகுதியில் ஹெலேனா விஜேவர்தன அம்மையார் இவ்விகாரையின் புனருத்தாரணப் பெரும்பணியைத் தொடங்கினார். சுவர்களை வரையும் பொறுப்பை ஏற்ற சோலியஸ் மெண்டிஸ் என்ற ஓவியருக்கு, இந்தியா சென்று அஜந்தா முதலிய இடங்களின் சித்திரங்களைக் கண்டுவரும் வாய்ப்பையும் அளித்தார். 1930களில் தொடங்கிய அவ்வோவியப் பணி 1940களிலேதான் முற்றுப்பெற்றது. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையுடன் வந்திறங்குவதும், புத்தகோஷர் மகாவிகாரைத் தேரர்களிடம் தம் சுவடிகளைச் சமர்ப்பிப்பதும், கலிங்கத்து இளவரசி ஹேமமாலை தந்ததாதுவைத் தன் கூந்தலுள் ஒளிப்பதும் அங்கே உயிர்பெற்று நிற்கின்றன.

இம்மூன்றில் ஹேமமாலையின் முன் மட்டுமாவது நிதானமாக நில்லுங்கள். பகைவர் கையிற் படாது ஒரு நாட்டின் பொக்கிஷத்தைக் கடல் கடத்த வேண்டிய அபாயமான கணம் அது. ஆயினும் ஓவியர் பரபரப்பை வரையவில்லை. கூந்தலை நோக்கி உயர்ந்த கையிலும், அதற்கு இசைந்து வளைந்த உடலிலும், பெண்ணொருத்தி நாளும் செய்யும் குழல் முடிக்கும் செயலின் அமைதியே நிலவுகிறது. அந்த அமைதிக்குள்தான் துணிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. பழைய பகுதியின் தட்டையான உருவங்களைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கே, இவ்வுடலின் திரட்சியும் நிழலின் மென்மையும் அஜந்தாவிலிருந்து இங்கு வந்து சேர்ந்த புதுமை என்பது புலனாகும். வெளியேறுமுன் புறச்சுவரின் அடியில் வரிசையாகச் செல்லும் கற்குள்ளர்களையும் யானைகளையும் அன்னங்களையும் பாருங்கள். பிள்ளைகள் எல்லாவற்றினும் அதிகமாக மகிழ்வது அக்குள்ளர்களைக் கண்டே.

நான்காவது, அன்றே பொரளைக்கும் போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். ஒரே நாளில் கண்டவை ஒன்றையொன்று அழித்துவிடும். கோதமி விகாரைக்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள். பாரிஸிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி ஒருவன், அங்கே உட்புகுந்து நெடுநேரம் பேசாதிருந்து, "அண்ணை, இவர் பிக்காசோவைப் பாத்திருக்கிறார், அஜந்தாவையும் மறக்கேல்லை" என்றான். அதனினும் சுருக்கமாக அச்சுவர்களைப் பற்றிச் சொல்ல என்னால் இயலாது. 1901இல் கண்டியிற் பிறந்த கீற், ஹரல்ட் பீரிஸின் ஆதரவில் 1939, 1940 ஆம் ஆண்டுகளில் இச்சுவர்களை வரைந்தார். இங்கே நிழலைக் காட்டிலும் கோடே பிரதானம். தோளிலிருந்து இறங்கும் ஒரு கோட்டைக் கண்ணாற் பற்றிக்கொண்டு அது கையாகி, விரலாகி, அடுத்த உருவத்தின் ஆடைவரை செல்லும் வழியிலே பின்தொடருங்கள்; பிரான்ஸில் தோன்றிய நவீன ஓவியத்தின் துணிச்சலும், கண்டிய விகாரைச் சுவர்களின் பழைய இலக்கணமும் அக்கோட்டிற் சந்திப்பதைக் காண்பீர்கள்.

இறுதியாக, அவகாசமுள்ளோர் கறுவாத்தோட்டத்துப் பான்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் நிறுவகத்துக்கும் செல்ல வேண்டும். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நன்று. பாரிஸிற் பயின்ற ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லம் அது. 1943இல் லயனல் வென்ட், கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் முதலியோருடன் அவரும் சேர்ந்து அமைத்த '43 குழுவின் படைப்புக்கள் அங்கே இருக்கின்றன. அக்குழுவின் தொடக்க உறுப்பினர் வரிசையில் எஸ். ஆர். கனகசபை என்ற தமிழரின் பெயரும் உண்டு. விகாரைச் சுவர்களைக் கண்டபின் இங்கே வருவோருக்கு, இந்நவீன ஓவியர்கள் எதிலிருந்து விலகினர், எதை விடாது பற்றினர் என்பது ஒருவர் விளக்காமலே விளங்கும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொலன்னாவையிலும் வாழும் பெற்றோருக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. அடுத்த பாடசாலை விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது களனிக்கும், மற்றொரு காலைப்பொழுது கோதமி விகாரைக்கும் அழைத்துச் செல்லுங்கள். மதம் வேறு என்பதையோ மொழி வேறு என்பதையோ தடையாகக் கொள்ளாதீர்கள். திரும்புகையில் சுவர்களின் பராமரிப்புக்கென உண்டியலில் உங்களால் இயன்றதை இடுங்கள். இச்சுவர்களை நேசிப்போர் பெருகினாலன்றி இவை நீடித்து நில்லா.